பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் கடந்தைக் கூடு

தேனீப் பெட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் நாலைந்து பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, கடந்தைக் கூட்டுக்கு என்ன செய்யணும்?" என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் உங்களில் ஒருவரே, பெயரை எழுதி அவர் மானத்தை வாங்க மாட்டேன், "பந்தம் கொளுத்திக் காட்டினா முடிஞ்சுது" என்று பதிலும் சொல்லிவிட்டார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அன்று வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகமாக இருந்ததால் விரிவாகப் பேச முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பாபநாசத்து அடிவாரம் தொடங்கி ஆழ்வார்திருநகரி வரை இந்த ஆற்றங்கரையில் நான் கடந்தைக் குளவிக் கூடு இறக்காத ஊர் குறைவு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவன் தெரியும் என்று சொல்வதில் என்ன வெட்கம்? ஏணியை எங்கே சாய்ப்பது, சாக்கை எவ்வளவு நனைப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கை பழகப் பழக வந்துவிடும். அதற்கு நான் எதற்கு? கை பழகினாலும் வராத ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் தடுமாறுவீர்கள் என்பது உங்கள் பந்தப் பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் அந்தப் பந்தத்தை அணைத்துவிடுகிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் என்னோடு சாத்தான்குளத்துப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், பயம் என்றால் என்னவென்று அறியாதவர். அவர் ஊரில் ஒற்றைப் பனையில் கடந்தை கட்டினால் நீளக் கம்பின் நுனியில் காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்தி நீட்டிவிடுவார்கள். சுற்றிலும் செம்மணல், பற்றி எரிய வேறெதுவும் கிடையாது. அதே கையோடு அவர் இங்கே வந்து, ஒரு தோட்டத்தில் வைக்கோல் படப்பை ஒட்டி நின்ற ஓலைக் கொட்டகையில் பந்தத்தை நீட்டினார். கூடு எரிந்தது. கொட்டகையும் எரிந்தது. படப்பும் எரிந்தது. இரை தேடி வெளியே போயிருந்த கடந்தைகள் திரும்பி வந்து, வீட்டைக் காணாத ஆத்திரத்தில் கண்ணில் பட்டவரையெல்லாம் கொட்டித் தீர்த்தன. அந்தத் தோட்டக்காரர் அதற்குப் பிறகு தேனீ என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம் நடந்தது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பது அந்தக் காலத்தில் புதுசு. பெட்டியைத் திறந்து தேனீ மொய்க்கும் சட்டத்தைக் கையால் தூக்கிக் காட்டினால் தேர் பார்க்க வந்த கூட்டம் போல ஜனங்கள் சேர்ந்துவிடுவார்கள். பெட்டி வைக்க ஆசைப்பட்ட தோட்டங்களுக்கு என்னை அனுப்பிவைப்பார்கள். நானும் ஊர் ஊராகப் போய்த் தேனீயின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்வேன். நான் கிறிஸ்தவன் வேறு. சர்ச்சில் பிரசங்கம் செய்கிற உபதேசியாரைப் போலப் பேசுகிறேன் என்று எனக்கு 'தேனீ உபதேசியார்' என்று ஒருவர் பெயர் வைத்தார். அது கடைசிவரை என்னை விடவில்லை.

பெயர் வைத்த புண்ணியவான் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றை ஒட்டிப் பெரிய வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு பண்ணையார். சைவப் பிள்ளைமார். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம், மனசு மட்டும் தங்கம். அவர் தோட்டத்தில் நான்தான் பெட்டிகள் வைத்துக் கொடுத்திருந்தேன். புரட்டாசி பிறந்த சமயம் வாழைத்தார் ஏற்றி வந்த அவருடைய வண்டிக்காரன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, பெட்டியில ஈ நாளுக்கு நாள் குறையுது. ஒரு பெட்டி காலியா கெடக்கு. மொதலாளி உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாவ."

அந்த வண்டியிலேயே ஏறிப் போனேன். தோட்டத்தில் கால் வைத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியின் வாசலுக்கு எதிரிலும் இரண்டு மூன்று கடந்தைகள் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. கறுத்த உடம்பு, இடுப்புக்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டை, கட்டைவிரல் பருமன். வெளியே வருகிற ஈயை எட்டிப் பிடித்து, பக்கத்து வாழை மட்டையில் தொங்கிக்கொண்டே தலையையும் சிறகையும் கடித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை உருட்டி எடுத்துக்கொண்டு பறந்தன. பறந்த திசையிலேயே நடந்தேன். கிணற்றுக்குப் பக்கத்தில் மண்வெட்டி, கடப்பாரை, விதைவாழை எல்லாம் போட்டுவைக்கிற ஓலைக் கொட்டகை. அதன் இறவாரத்தில் பெரிய பூசணிக்காய் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் கூடு தொங்கியது.

தோட்டத்து வேலையாள் சுடலைமுத்து தூரத்தில் நின்றபடியே பேசினான்.

"எலுமிச்சங்காய் அளவுல இருக்கும்போதே நான் பாத்தேன் ஐயா. ஒரு தட்டுத் தட்டினா விழுந்திருக்கும்."

"பெறவு ஏன் தட்டல?"

"தொடக்கூடாதுன்னு அம்மா உத்தரவு. வீட்டுல பிள்ளைத்தாய்ச்சி இருக்காவல்லா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பண்ணையார் குடும்பம் வழக்கமாக ஊருக்குள் இருக்கும். அந்த வருஷம் ஊரில் பேதி கண்டிருந்தது. பேறுகாலத்துக்காகப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த மகள் காந்திமதியை அழைத்துக்கொண்டு எல்லோரும் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கும்போது எந்த உயிரின் கூட்டையும் கலைக்கக் கூடாது என்பார்கள். அணில் கூடானாலும் சரி, குருவிக் கூடானாலும் சரி, அதனதன் குஞ்சு பொரித்து அதுவாகப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். பண்ணையார் வீட்டு அம்மாள் அதில் கடந்தைக்கும் இடம் கொடுத்துவிட்டாள். எலுமிச்சை பூசணியானது அப்படித்தான்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். பண்ணையாரும் சிரித்தார். "எம் பொஞ்சாதி கடந்தைக்கும் சேத்துப் பேறுகாலம் பாக்குதா வே" என்றார். நான் சிரிக்கவில்லை. ஒரு காரியம் பயித்தியக்காரத்தனமாகத் தெரிந்தால், அதன் பின்னால் நமக்குத் தெரியாத எதுவோ இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுடலைமுத்துதான் மெதுவாகச் சொன்னான். காந்திமதிக்கு இது முதல் பிள்ளை இல்லை. முந்திய முறை தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது உத்திரத்தில் இருந்த குருவிக் கூட்டை அம்மாள் தன் கையாலேயே ஒட்டடைக் கம்பால் தட்டிவிட்டிருக்கிறாள். மாசியில், எட்டாம் மாதத்தில், பிள்ளை தவறிவிட்டது.

அதைக் கேட்ட பிறகு நான் கூட்டைப் பற்றி அம்மாளிடம் பேசப் போகவில்லை. என் பொறுப்பில் இருந்தது பெட்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கேயே தங்கினேன். பெட்டி வாசல்களை ஈ மட்டும் நுழைகிற அளவுக்கு மூங்கில் சிம்பு வைத்துச் சுருக்கினேன். சுடலைமுத்துவிடம் ஒரு பனைமட்டையைக் கொடுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தினேன். அம்மாள் கூட்டைக் கலைக்காதே என்றாளே தவிர, திருட வந்ததை அடிக்காதே என்று சொல்லவில்லை. அவன் அடித்த அடியில் கடந்தை வரத்துக் குறைந்தது. ஐப்பசியில் பிள்ளை பிறந்துவிட்டால் அதன் பிறகு கூட்டை இறக்கிக்கொள்ளலாம், அதுவரை சமாளித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான். மாடு அதைக் கெடுத்தது.

ஒருநாள் சாயங்கால இறவை நடந்துகொண்டிருந்தது. அதாவது மாடுகள் சரிவில் இறங்கிக் கமலைக் கயிற்றை இழுக்க, கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து கயிற்றின் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். காந்திமதி வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். நடந்தால் பேறுகாலம் சுகமாக இருக்கும் என்று அம்மாள்தான் அவளைத் தினமும் நடக்கச் சொல்வாள். திடீரென்று வலத்து மாடு துள்ளியது. ஒரு கடந்தை அதன் கண்ணோரத்தில் கொட்டியிருந்தது. கயிறு அறுந்து, தண்ணீர் இறைக்கிற சால் கிணற்றுக்குள் விழ, இரண்டு மாடுகளும் நுகத்தடியோடு ஓடின. நுகத்தடி கொட்டகையின் காலில் மோதிக் கொட்டகையே ஆடியது. சுடலைமுத்து சரிவில் உருண்டு கிடந்தான். மாடுகள் வரப்பை மிதித்துக்கொண்டு, காந்திமதியின் சேலையை உரசிக்கொண்டு போய் வாழைக்குள் நுழைந்தன. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டு வேலைக்காரி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். அடி எதுவும் இல்லை. ஆனால் முகத்தில் ரத்தம் இல்லை.

பண்ணையார் அதைப் பார்த்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் யார் என்ன பேச முடியும்? காய்ந்த ஓலையை அள்ளிக் கம்பில் சுற்றினார், அடுப்படிக்குப் போய்ப் பற்ற வைத்தார், எரிகிற பந்தத்தோடு கொட்டகையை நோக்கி வந்தார்.

"ஏலே, எல்லாரும் விலகுங்கலே! இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடமாட்டேன்!"

அம்மாள் அவரை முந்திக்கொண்டு ஓடினாள். ஓடியவள் நேராகக் கூட்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டாள்.

"எரிக்கதா இருந்தா என்னையும் சேத்து எரிங்க. ஒரு தடவை குடுத்தாச்சு. இன்னொரு தடவை குடுக்க எங்கிட்ட பிள்ளை இல்ல."

தம்பிமாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கொட்டகை ஆடியதால் கூடு ஏற்கெனவே கலங்கியிருந்தது. கடந்தைகள் கூட்டின் மேல்தோலில் ஊர ஆரம்பித்திருந்தன. அதற்கு இரண்டு முழம் கீழே ஒரு பெண்ணின் தலை. பத்தடி தள்ளி எரிகிற பந்தம். மேலே காய்ந்த ஓலைக் கூரை. பண்ணையார் கத்துகிறார், அம்மாள் கத்துகிறாள். யார் சொல்வது சரி என்று பார்க்கிற நேரமா அது? எது முதலில் என்று மட்டும் பார்த்தேன். முதலில் தீ. அப்புறம் அந்த அம்மாள். கூடு கடைசி.

பண்ணையாரிடம் போய், சத்தத்தைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, பந்தத்தை எங்கிட்ட தாங்க. இது என் வேலை" என்றேன். எரிக்கப்போகிறேன் என்று நினைத்து உடனே கொடுத்துவிட்டார். வாங்கிய கையோடு வாய்க்கால் தண்ணீரில் அமுக்கினேன். சுர்ரென்று அணைந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே எரிந்திருக்க வேண்டும். அவர் திட்டத் தொடங்குவதற்குள் நான் கூட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பிறகு அம்மாளிடம் பேசினேன். "அம்மா, பந்தம் அணைஞ்சுது. யாரும் எதையும் எரிக்கப் போறதில்ல. கையை வீசாம, சேலையை உதறாம, அப்படியே பைய எங்கிட்ட நடந்து வாங்க."

அவள் வாயை மூடி அசையாமல் நின்றாள். ஒரு கடந்தை அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. "தட்டாதீங்க" என்றேன். தட்டவில்லை. அது கொட்டியது. அவள் முகம் சுருங்கியது, ஆனால் கை எழவில்லை. அடி அடியாக நடந்து வெளியே வந்தாள். அந்த ஒரு கொட்டோடு போயிற்று. அன்று அவள் கை வீசியிருந்தால் அந்தக் கூட்டில் இருந்தது முழுவதும் அவள் மேல் இறங்கியிருக்கும். அத்தனை தைரியசாலியை நான் அதற்குப் பிறகு நம் தொழிலில்கூடப் பார்த்ததில்லை.

எல்லோரும் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தோம். காந்திமதி உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள், கதவு திறந்திருந்தது. அம்மாள் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இனி அந்தக் கூடு அங்கே இருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆட்டம் கண்ட கூடு சின்னச் சத்தத்துக்கும் பாயும். மகளை ஊருக்கும் கொண்டுபோக முடியாது, அங்கே பேதி. ஆகவே கூடுதான் போக வேண்டும். அதை இந்த அம்மாள் சம்மதித்துச் செய்ய வேண்டும்.

"குருவிக் கூட்டுக்கும் பிள்ளை தவறியதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா" என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. படித்த திமிர் அது. விழுங்கிவிட்டேன். அந்தக் கூட்டைத் தட்டியதால்தான் போயிற்று என்று நம்பி, இனி தட்டாமல் இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிடியை உருவி எடுத்துவிட்டு நான் அவளுக்கு எதைக் கொடுக்க முடியும்? வழக்கத்தோடு சண்டை போடாமல் வழக்கத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறதா என்று தேடினேன்.

"அம்மா, அது உங்க வீட்டுக் கூடு இல்ல. என் ஈயைத் தின்னு வளந்த கூடு. ஈ என் பொறுப்பு. எறக்குததும் நான்தான். எரிக்க மாட்டேன், உடைக்க மாட்டேன். அப்படியே முழுசா எறக்கி, ஆத்துக்கு அக்கரையில உடங்காட்டுல கொண்டு வைக்கேன். அப்படியும் அதுல பாவம்னு ஒண்ணு இருந்தா அது என்னைச் சேரட்டும். உங்க வாசப்படி ஏறாது."

அம்மாள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. செய்த கைக்குத்தான் பலன் என்பது அவளுக்கும் ஒப்புதல்தான். பண்ணையார் முகம் தெளிந்தது. காரியம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உம்ம வீட்டுல உண்டாயிருக்காளா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆமாம், என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். எங்களுக்கு அது தலைப்பிள்ளை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உத்தரவு கிடைத்திருக்கும். ஆனால் ஒரு வீட்டில் பொய் சொல்லிக் கூடு இறக்கினால் அந்த வீட்டுக்கு மறுபடி போக முடியாது. வாழைத்தார் வண்டி வாரத்துக்கு ஒருமுறை பாளையங்கோட்டைக்கு வந்து போகிறது, எந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? அதைவிட, கழுத்தில் சுண்ணாம்போடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருக்கா அம்மா. ஆறு மாசம்."

"அப்ப நீரு தொடக்கூடாது."

பண்ணையார் துள்ளிவிட்டார். "வே உபதேசியாரே, உங்க வேதத்துல இந்தச் சாஸ்திரமெல்லாம் கெடையாதுன்னு அவகிட்ட சொல்லும் வே!"

அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேதக்காரன் வீட்டுப் பிள்ளைன்னா வானத்துல இருந்தா குதிக்குது? அவளும் பத்து மாசம்தான் சுமக்கணும்" என்றாள்.

தன் மகளைக் காப்பாற்றப் பிடித்துக்கொண்டிருந்த அதே பயத்தை, முன்பின் பார்த்திராத என் மனைவிக்கும் சேர்த்து அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு மனசில் பட்டதைச் சொன்னேன்.

"அம்மா, கடந்தை கொட்டினா உங்க மகளுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். கூட்டை எறக்கினா எம் பொஞ்சாதிக்கு என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆபத்துக்கு மொத வழி பண்ணுவோம். தெரியாததை ஆண்டவன்கிட்ட விட்டுருவோம், உங்க ஆண்டவனோ எங்க ஆண்டவனோ."

உள்ளேயிருந்து காந்திமதியின் குரல் வந்தது. அதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"அம்மா, இன்னைக்கு அந்த மாடு ஒரு எட்டு இங்கன தள்ளி வந்திருந்தா, எந்தக் கூடும் என்னைக் காப்பாத்தியிருக்காது."

அம்மாள் உள்ளே மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "கலையாம எறக்குவீரா?" என்று கேட்டாள்.

"எறக்குவேன்."

"சத்தியமா?"

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக்கூடாது அம்மா. எறக்குவேன்னா எறக்குவேன்."

"சரி, செய்யும்" என்று சொல்லிவிட்டு மகளிடம் எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கே, பொழுது மங்கி, வெளியே போனவை எல்லாம் வந்து அடைந்த பிறகு கூட்டை இறக்கினேன். எப்படி என்பதை நேரில் வாருங்கள், காட்டுகிறேன். எரிக்காமல், உடைக்காமல், முழுசாக. நனைந்த சாக்குக்குள் கூடு வந்து உட்கார்ந்ததும் உள்ளிருந்த இரைச்சல் என் இரண்டு உள்ளங்கைகளிலும் அதிர்ந்தது. அதற்கு முன்பும் எத்தனையோ கூடுகளைத் தொட்டிருக்கிறேன். உள்ளே முட்டையும் புழுவுமாக ஒரு வீடே இருக்கிறது என்ற நினைப்பு அன்றுதான் எனக்கு வந்தது, கூடவே என் மனைவியின் முகமும் வந்தது. நம்பாதவனுக்கும் அந்த நேரத்தில் அப்படி வரும். ஏணியில் நின்றபடியே ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். சுடலைமுத்து நொண்டிக்கொண்டே கூட வந்தான். ஆற்றைக் கடந்து, ஆள் நடமாட்டமில்லாத உடைமரக் காட்டுக்குள் வெகுதூரம் போய், சாக்கை ஒரு மரத்தில் கட்டி, நீளக் கயிற்றால் அதன் வாயை அவிழ்த்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாக்குக்குள் போக்குவரத்து நடக்கிறது என்று அம்மாளிடம் சொன்னான். பெட்டிகளில் மிச்சமிருந்த ஈக்கள் தப்பின.

ஐப்பசி மழையில் காந்திமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று வண்டிக்காரன் ஒரு குலை ரசகதலியோடு வந்து சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்தது. நல்ல வேலை செய்தோம், நல்லபடியாக முடிந்தது என்று அந்தக் கணக்கை மூடிவிட்டு அடுத்த தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த மாதங்களில் நான் வீட்டில் இருந்ததைவிட ஊர் சுற்றியதுதான் அதிகம்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சிரித்துக்கொண்டே, "கடந்தைக் கூட்டை என் தலையில எறக்கி வச்சுட்டு வந்தீங்களாமே?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்னச் சின்னதாகத் திருநீற்றுப் பொட்டலங்கள். வாரம் தவறாமல் வாழைத்தார் வண்டியில் பண்ணையார் வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் சன்னிதியில் என் மனைவி பேரைச் சொல்லி விளக்குப் போட்டு வாங்கிய திருநீறு. வண்டிக்காரன் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறான். என் மனைவி சர்ச் உபதேசியார் ஒருவரின் மகள். நெற்றியில் பூசிக்கொள்ள அவளால் முடியாது.

"எறியவும் மனசு வரல" என்றாள். "யாரோ ஒருத்தி எனக்காகப் பயப்படுதா. அதைக் குப்பையில போடலாமா?"

அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் முன்கூடத்தில் உட்கார்ந்து கெட்டிக்காரத்தனமாகப் பேசி அவளுடைய பயத்தை அகற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அது அவளைவிட்டுப் போகவில்லை. ஒருவரிடம் ஒரு பயத்தை விட்டுவிடு என்று நாம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நம் வேலை முடிந்துவிடுகிறது. அவர்கள் அதைச் சுமந்துகொண்டு இன்னும் எத்தனை நாள் நடக்கிறார்கள் என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்பிமாரே, நீங்கள் திரும்பிப் பாருங்கள். கூடு இறக்கிய வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு நடை போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் எங்களுக்கு மகன் பிறந்தான். வாழைத்தார் வண்டிக்காரன் செய்தியைக் கொண்டுபோனான். மறுநாளே ஒரு வில்வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பண்ணையார் வீட்டு அம்மாள் இறங்கினாள். கையில் தனக்குக் குடிக்கச் செம்பில் தண்ணீரும், எங்களுக்குக் கொடுக்க அந்தப் பெட்டிகளில் எடுத்த தேன் ஒரு சாடியும் இருந்தன. எங்கள் வீட்டில் அவர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்கிற காலம் இல்லை அது. வாசலோடு பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கண் குழிந்து, ஆள் பாதியாக மெலிந்திருந்தாள்.

என் மனைவி பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அம்மாள் துணியை விலக்கி, கை விரல், கால் விரல், காது, கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அது அழ அழ அவள் முகம் தளர்ந்துகொண்டே வந்தது. பிறகு அவளும் அழுதாள்.

"நீரு அன்னைக்கே கூட்டை எறக்கிட்டீரு" என்று என்னிடம் சொன்னாள். "எனக்கு இன்னைக்குத்தான் எறங்குச்சு."

பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலை சுற்றுகிறது, கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். என் மனைவி தன் பாயை விரித்தாள். அம்மாள் அதில் படுத்தவுடன் தூங்கிப்போனாள். பொழுது சாயும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. வண்டிக்காரன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தான். கிளம்ப நேரமாகிறது, எழுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், தூங்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.